புல்தரையில் காய்கறி போட்டோம்: பணம் போன வழியும் பாடம் வந்த வழியும்

சென்னையின் தென்புறநகரில் ஏறக்குறைய இருநூறு வீடுகள் கொண்ட அபார்ட்மென்ட் எங்களுடையது. நடுவில் ஒன்றரை கிரவுண்டு, அதாவது 3,600 சதுர அடிக்குப் புல்தரை. ‘புல்லில் நடக்காதீர்கள்’ என்று பலகை வைத்திருந்த புல்தரை. குழந்தைகள் விளையாடக் கூடாது, பெரியவர்கள் உட்காரக் கூடாது, வருஷத்துக்கு இரண்டு முறை கொடியேற்றும்போது ஓரமாக நின்றுகொள்ளலாம், அவ்வளவுதான். 2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவந்த அந்த வருஷம், லாரித் தண்ணீர் வாங்கி வீட்டுக்கு இத்தனை மணி நேரம் என்று அளந்து விட்டுக்கொண்டிருந்தோம். அப்போதும் அந்தப் புல்லுக்கு ஹோஸ் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்த நாளிலிருந்து, இந்த இடத்தில் நாலு பேர் சாப்பிடுகிற மாதிரி ஏதாவது விளைய வேண்டும் என்பது எனக்கு ஒரு பிடிவாதமாகவே ஆகிவிட்டது.

2022-ல் தொடங்கினோம். இதுவரை 1,85,000 ரூபாய் செலவாகியிருக்கிறது. அதில் 62,000 என் சொந்தப் பணம். முதல் ஒன்றரை வருஷத்தில் போட்டதில் பெரும்பகுதி மண்ணோடு போய்விட்டது. இன்றைக்குத் தோட்டம் நன்றாக நடக்கிறது, அதனால்தான் தைரியமாக எழுதுகிறேன். ஆனால் நடுவில் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை. ‘இதைப் பார்த்துக்கோ, அதைக் கேட்டுக்கோ’ என்று சொல்ல ஒருத்தரும் கிடைக்கவில்லை. வீடியோக்கள் நிறைய இருந்தன. எல்லாம் குளிர் ஊர்களில், தனி வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிகள். நம் ஊர் அபார்ட்மென்ட் புல்லுக்கு அடியில் இருப்பது வேறு கதை.

முதல் அடி நிலத்தின் உரிமையில் விழுந்தது. பொதுக்குழுவில் தீர்மானம் போட்டால் போதும் என்று சங்கத்தில் எல்லோருமே சொன்னார்கள். தீர்மானமும் நிறைவேறியது. கிழக்குப் பக்கம் வெயில் நன்றாக விழும் என்பதால் அங்கே பாத்தி கட்டி, மூங்கில் வேலி போட்டு, கத்தரி நாற்று நட்டோம். செடி பூ வைக்கிற நேரத்தில் உள்ளாட்சி அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். “இது ஓ.எஸ்.ஆர். இடம்மா, உங்க சங்கத்துக்குச் சொந்தமில்ல. வேலிய எடுத்துடுங்க” என்றார். எனக்கு அந்தப் பெயரே அன்றுதான் தெரியும். மனை 10,000 சதுர மீட்டருக்கு மேல், கிட்டத்தட்ட இரண்டரை ஏக்கருக்கு மேல் இருந்தால், பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுக்க வேண்டும். அது ஊருக்கான இடம். எங்கள் பில்டர் அதில் ஒரு பகுதியையும் காம்பவுண்டுக்குள் சேர்த்துப் புல் போட்டு, நம்முடையது போலவே காட்டிவிட்டுப் போயிருந்தார். வந்தவர் சொன்னது நியாயம், எதிர்த்துப் பேச ஒன்றுமில்லை. ஆனால் பால்கனியில் நின்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, பூ வைத்த செடிகளைப் பிடுங்கிப் போட்ட அந்தச் சாயங்காலம் மனசு ரொம்ப நொந்துபோனது. வேலி, மண், நாற்று, கூலி என்று 14,000 ரூபாய் அங்கேயே முடிந்தது.

ஆகவே விதை வாங்குவதற்கு முன்னால் சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) ஒப்புதல் கொடுத்த வரைபடத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். பில்டர் சங்கத்திடம் ஒப்படைத்த காகிதக் கட்டில் இருக்கும். இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டுக் கேட்கலாம். வரைபடத்தில் ஓ.எஸ்.ஆர். எல்லை எது, தீயணைப்பு வண்டி சுற்றிவரும் வழி எது, அடித்தள கார் பார்க்கிங் எதுவரை வருகிறது, மழைநீர்க் கிணறும் கழிவுநீர்க் குழாயும் எங்கே ஓடுகின்றன என்று பாருங்கள். தீயணைப்பு வண்டி வழியில் ஒரு தொட்டிகூட வைக்கக் கூடாது. 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமான பிறகு கட்டிய எல்லா வளாகத்திலும் சேகரிப்புக் குழிகள் இருக்கும். பெரும்பாலும் அவற்றின் மூடி புல்லுக்குள் புதைந்து கிடக்கும். அதன்மேல் பாத்தி கட்டினால் மழைத் தண்ணீர் இறங்க வழியில்லாமல் நின்றுவிடும். மின்சாரக் கேபிள் போகும் தடத்தை எலெக்ட்ரீஷியனைக் கூட்டிவந்து சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொள்ளுங்கள். கடப்பாரை போடுகிறவரின் உயிர் விஷயம் இது.

அடுத்தது மேற்குப் பக்கம். அங்கே புல்லுக்கு அடியில் கார் பார்க்கிங்கின் கூரை இருக்கிறது. கான்கிரீட் மேல் நீர்க்கசிவுத் தடுப்பு, அதன்மேல் முக்கால் அடி மண், அதன்மேல் புல். நாங்கள் அங்கே செங்கல் வரிசை வைத்து ஓர் அடி உயரப் பாத்தி கட்டித் தினமும் தண்ணீர் விட்டோம். சில வாரத்தில் கீழே நிற்கும் ஒரு காரின் பானெட்டில் வெள்ளை வெள்ளையாகச் சொட்டுக் கறை. கான்கிரீட் வழியாக இறங்கும் தண்ணீர் சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வரும். அது பெயின்ட் மேல் காய்ந்தால் துணியால் துடைத்துப் போகாது, தேய்த்தால் கீறல் விழும். காரின் சொந்தக்காரர் என் வீட்டு வாசலில் வந்து கத்தியதும், பாலீஷ் போட்ட செலவு 8,500 ரூபாயை நான் கொடுத்ததும் ஒருபக்கம். அதைவிடப் பெரிய பயம் எடையைப் பற்றியது. பிறகு ஒரு கட்டமைப்புப் பொறியாளரை அழைத்துக் கேட்டோம். ஈரமான மண் ஓர் அடி உயரம் போட்டால் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்கு மேல் வரும். வீட்டு அறைத் தரைக்குப் பொதுவாகக் கணக்கில் எடுக்கும் பயன்பாட்டுச் சுமையே சதுர மீட்டருக்கு 200 கிலோதான். தோட்டம் போடுகிற கூரை அதைவிடத் தாங்கும்படி கட்டியிருப்பார்கள், ஆனால் எவ்வளவு தாங்கும் என்பது வரைபடத்தைப் பார்த்தவருக்குத்தான் தெரியும். அந்தப் பாத்திகளைக் கலைத்துவிட்டு, அங்கே இப்போது தென்னைநார்க் கழிவு நிரப்பிய பைகளில் கீரையும் கொத்தமல்லியும் மட்டும் வைத்திருக்கிறோம். பை லேசு. அடியில் தட்டு வைத்தால் சொட்டும் இல்லை. முருங்கை, பப்பாளி, வாழை எதுவும் கூரை மேல் வேண்டவே வேண்டாம்.

இப்படிக் கிழக்கும் மேற்கும் போக, நிஜமான தரையில் எங்களுக்கு மிஞ்சியது 1,700 சதுர அடி. அந்த இடத்தில்தான் புல்லோடு போராட்டம். நாங்கள் பார்த்த வீடியோக்கள் எல்லாவற்றிலும் ஒரே யோசனை: புல்லின் மேல் அட்டைப் பெட்டியைப் பிரித்துப் பரப்பு, அதன்மேல் உரம் கொட்டு, புல் தானாக மக்கிவிடும். எங்கள் ஊரில் அதைச் செய்தால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, கரையான். ஒரு மாதத்தில் அட்டை முழுக்க மண்புற்று ஏறி, பக்கத்து மரவேலி வரைக்கும் போய்விட்டது. இன்னொன்று, கோரை. பில்டர் போடுவது கொரியன் புல். அதன் வேர் மேலாகவே இருக்கும், மண்வெட்டியால் பாய் போலச் சுருட்டி எடுத்துவிடலாம். ஆனால் சரியாகப் பராமரிக்காத புல்தரையில் அருகும் கோரையும் ஊடே புகுந்திருக்கும். கோரை அட்டையை ஊசி மாதிரிக் குத்திக்கொண்டு மேலே வருகிறது. அதைப் பிடுங்கினால் தாள் மட்டும்தான் கையோடு வரும். மெதுவாகக் கிளறிப் பார்த்தால் ஒரு கிழங்கிலிருந்து நூல் மாதிரி வேர் ஓடி அடுத்த கிழங்கு, அதிலிருந்து இன்னொன்று என்று கீழே போய்க்கொண்டே இருக்கும். கறுப்பாக, புளியங்கொட்டையைவிடச் சின்னதாக இருக்கும். ஒன்றை விட்டாலும் திரும்ப முளைக்கும். பவர் டில்லர் வைத்து ஓட்டினால் வேலை சீக்கிரம் முடியும் என்று ஒருவர் சொன்னார். அது கிழங்குச் சங்கிலியை வெட்டி இடமெல்லாம் பரப்பிவிடும், தயவுசெய்து செய்யாதீர்கள்.

எங்களுக்குப் பலன் கொடுத்தது கத்திரி வெயில். புல்லைச் சுருட்டி எடுத்து, தோட்ட முள்கரண்டியால் கிளறிக் கண்ணில் பட்ட கிழங்கையெல்லாம் பொறுக்கி, மண்ணை நன்றாக நனைத்து, கண்ணாடி போன்ற பாலித்தீன் ஷீட்டை விரித்து ஓரங்களை மண்ணால் மூடிவிட்டோம். கறுப்பு ஷீட் அல்ல, ஒளி உள்ளே போகிற ஷீட். ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை அப்படியே கிடந்தது. கோரை முழுசாகச் சாகவில்லை, ஆனால் பாதிக்கு மேல் அடங்கிவிட்டது. மிச்சத்தை வாரம் ஒரு முறை முளைக்க முளைக்க எடுத்தால் கிழங்கு களைத்துப்போகிறது. இதை மட்டும் சோம்பல் படாமல் ஒரு வருஷம் செய்ய வேண்டும். இதற்குக் குறுக்கு வழி நான் பார்த்தவரை இல்லை.

புல்லை எடுத்த பிறகு மண்ணைப் பார்த்து எனக்குத் திகைப்பு. மேலே அரையடி செம்மண். அதற்குக் கீழே கடப்பாரை போட்டால் ‘டங்’ என்று சத்தம். கட்டடம் கட்டியபோது மிஞ்சிய அத்தனையும் அங்கேதான் புதைத்திருக்கிறார்கள்: இறுகிப்போன சிமெண்ட் மூட்டை, உடைந்த டைல்ஸ், செங்கல் ஜல்லி, பி.வி.சி. துண்டு, பெயின்ட் டப்பா. ஒரு மூட்டையின் சாக்கு மக்கிப்போய், அதன் நெசவுக் கோடு மட்டும் சிமெண்ட்டில் அச்சாக இருந்தது. இந்த இடத்தில் நட்ட கொத்தவரை எல்லாம் முதலில் நன்றாக வந்து, ஒரு ஜாண் உயரத்துக்குப் பிறகு கொழுந்து இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். பி.எச். 8.6 என்று வந்தது, அதாவது காரம் அதிகம். சிமெண்ட் சுண்ணாம்பு கலந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தாலும் செடியால் எடுத்துக்கொள்ள முடியாது. அன்னபேதி உப்பை (ஃபெர்ரஸ் சல்பேட்) லிட்டருக்கு 5 கிராம் கரைத்து மாலையில் இலைமேல் தெளித்தால் பச்சை திரும்பும். ஆனால் அது அவசரத்துக்கு மட்டும். நிரந்தர வழி ஜல்லியைத் தோண்டி வெளியே கொட்டுவதுதான். ஆள்கூலியும் வண்டிவாடகையும் சேர்த்து 31,000 ரூபாய். எங்கள் செலவிலேயே பெரியது இதுதான், அதுவும் திட்டத்தில் இல்லாத செலவு. அதனால் சொல்கிறேன்: பட்ஜெட் போடுவதற்கு முன்னால் நாலு மூலையிலும் நடுவிலும் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி எடுத்துப் பாருங்கள். ஒரு ஆளுக்கு அரைநாள் கூலி போதும். மண் மாதிரி எடுக்கும்போது மேற்புல்லை ஒதுக்கி, அரையடி ஆழத்துக்கு ‘வி’ வடிவத்தில் வெட்டி, பக்கவாட்டில் சீவி எடுத்து, பல இடத்து மண்ணையும் கலந்து அரைக் கிலோ கொடுக்க வேண்டும். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையம் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறது, கட்டணமும் குறைவு.

எரு விஷயத்தில் ஒரு வார்த்தை. இரண்டு டிராக்டர் லோடு மாட்டெரு 11,000 ரூபாய்க்கு வாங்கினோம். பார்க்கக் கறுப்பாகத்தான் இருந்தது. உள்ளே கையை விட்டால் சூடு. பாதிதான் மக்கியிருந்தது. நாற்று அதில் வெந்துபோனது. போதாததற்குக் கட்டைவிரல் தடிமனுக்கு வெள்ளைப் புழுக்கள், காண்டாமிருக வண்டின் புழு. எருக்குழியில்தான் அது முட்டையிடும். பக்கத்தில் தென்னை இருந்தால் நாளைக்கு வண்டாகி அதன் குருத்தைக் குடையும். நன்றாக மக்கிய எரு கையில் பிடித்தால் பொலபொலவென்று உதிரும், சாண வாடை வராது, மழை பெய்த மண் வாசம் வரும். வண்டியிலிருந்து இறக்குவதற்கு முன்னாலேயே பிடித்துப் பாருங்கள், இறக்கிய பிறகு யாரும் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அந்த மண்ணைக் காப்பாற்றியது தக்கைப்பூண்டு என்கிற பசுந்தாள் உரச் செடி. இதைச் சொன்னவர் எங்கள் வளாகத்துத் தோட்டக்கார அண்ணன். செய்யாறு பக்கம் ஊர், வீட்டில் நிலம் இருந்து விற்றுவிட்டு இங்கே வந்தவர். புல்லுக்கு மெஷின் ஓட்டுவதற்காக ஏஜென்சி மூலம் அவரை வைத்திருந்தார்கள். அத்தனை வருஷமும் அவருக்கு என்ன தெரியும் என்று யாரும் கேட்டதே இல்லை. “உவர் மண்ணுக்குத் தக்கப்பூண்டு வெதைச்சு, பூ எடுக்கறப்ப மடக்கி உழுதுடுவோம் மேடம். எங்க ஊர்ல நெல்லுக்கு முன்னாடி அதான்” என்றார். விதைத்தோம். நாற்பத்தைந்து நாளில் இடுப்பளவு வந்தது. வெட்டி மண்ணிலேயே புதைத்து மக்க விட்டுப் பிறகு நட்ட கத்தரிதான் எங்களுக்கு முதன்முதலாக ஒழுங்காகக் காய்த்தது.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ‘எஸ்.டி.பி. தண்ணீர் இருக்கிறதே, இலவசம்தானே’ என்று எல்லோரும் சொல்வார்கள். சுத்திகரித்த கழிவுநீரைப் புல்லுக்கு விட்ட மாதிரியே கீரைக்கும் விட முடியாது. பச்சையாகச் சாப்பிடும் காய்க்கும், மண்ணை ஒட்டி வளரும் கீரைக்கும் அதைத் தொடவே விடாதீர்கள். சோப்புத் தண்ணீரின் உப்பு மண்ணை இறுக வைக்கும் என்பது இன்னொரு சேதி. வாழைக்கும் தென்னைக்கும் மட்டும் நாங்கள் வைத்துக்கொண்டோம். எங்கள் போர் தண்ணீரில் டி.டி.எஸ்., அதாவது கரைந்திருக்கும் உப்பின் அளவு, லிட்டருக்கு 1,800 மில்லிகிராமைத் தாண்டுகிறது. 450-க்குள் இருந்தால் கவலையில்லை, 2,000-ஐத் தாண்டினால் கடும் சிக்கல் என்பது ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வழிகாட்டு அளவு. இந்தத் தண்ணீரில் பீன்ஸ் போட்டால் இலை ஓரம் கருகிப்போகும், பாலக்கும் பீட்ரூட்டும் தாங்கும். வீட்டு ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரைச் சிலர் அக்கறையாகக் குடத்தில் பிடித்துக்கொண்டு வந்து ஊற்றினார்கள். போர் தண்ணீரையே ஆர்.ஓ.வில் விடுகிற இடத்தில் அது இன்னும் அடர்ந்த உப்புத் தண்ணீர். நல்ல மனசோடு செய்கிறவர்களிடம் வேண்டாம் என்று சொல்வது கஷ்டம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். இப்போது ஒரு பிளாக்கின் மொட்டைமாடி மழைநீரை 10,000 லிட்டர் தொட்டியில் பிடித்துப் போர் தண்ணீரோடு கலந்து விடுகிறோம். வளாகத்தில் பெருக்கி லாரியில் ஏற்றிக்கொண்டிருந்த சருகு முழுவதும் பாத்தி மண்ணைப் போர்த்தும் மூடாக்காகிவிட்டது. மூடாக்குப் போட்ட பாத்திக்குக் கோடையில்கூட ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர் போதும்.

ஆனால் இதெல்லாம் பணத்தாலும் உழைப்பாலும் சரியாகிற விஷயம். என்னை ராத்திரி தூங்கவிடாமல் செய்தது மனிதர்கள்தான். வாட்ஸ்அப் குரூப்பில் ‘தோட்டம் போடலாமா’ என்று கேட்டபோது கட்டைவிரல் குறி குவிந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை மண்வெட்டியோடு நின்றபோது வந்தவர்கள் எட்டாவது மாடி மாமியும், ஒன்பதாம் வகுப்புப் பையன்கள் இரண்டு பேரும். மாதங்கள் போகப்போக, கொசு வருவது தோட்டத்தால், பாம்பு வரும், வீட்டு விலை இறங்கும், எருவின் நாற்றம் என்று புகார் மட்டும் தவறாமல் வந்தது. காய் பிடித்த பிறகு அதுவும் மாறி, யார் பறித்தார்கள் என்ற சண்டை. ஒரு பிஞ்சுக் கத்தரிக்காய்க்காகக் குரூப்பில் நள்ளிரவு வரை வாக்குவாதம் நடந்தது. “வாடகைக்கு இருக்கறவங்களுக்கு எதுக்குப் பங்கு?” என்று ஒருவர் எழுதினார். ஞாயிறு தவறாமல் வந்து களை எடுத்த குடும்பம் வாடகைக் குடும்பம்தான். அந்த வரியைப் படித்துவிட்டு அந்த அக்கா அடுத்த வாரம் வரவில்லை. நான் அவர் வீட்டுக்குப் போய் அரைமணி நேரம் பேசி அழைத்துவந்தேன். அன்று இதையெல்லாம் விட்டுவிடலாம் என்று நிஜமாகவே நினைத்தேன்.

அப்போதுதான் தோட்டக்கார அண்ணனிடம் உட்கார்ந்து பேசினேன். “அண்ணா, இது ஒழுங்கா நடக்கணும்னா என்ன செய்யணும்?” என்று கேட்டேன். “மேடம், நான் எட்டு மணிக்கு வந்து நாலு மணிக்குப் போறவன். ஞாயித்துக்கிழம லீவு. புல்லுக்குக் குடுக்கற சம்பளத்துலயே இதையும் பாக்கறேன். யாரும் எதுவும் கேக்கல, நானும் சொல்லல” என்றார். காய்கறித் தோட்டத்தின் வேலை புல் வெட்டுவதைவிட இரண்டு மடங்கு. எங்கள் எல்லோருடைய ஆசையையும் அவர் முதுகில் சும்மா ஏற்றியிருந்தது சங்கம். அடுத்த கூட்டத்தில் நான் வைத்த முதல் கோரிக்கையே அவருடைய சம்பளம். புல்தரைப் பராமரிப்புக் காண்ட்ராக்டை நிறுத்தியதில் மிச்சமான பணத்திலிருந்து மாதம் 4,000 கூடுதல், அறுவடையில் அவருக்கு முதல் பங்கு என்று எழுத்தில் முடிவானது. எந்த இடத்தில் தொடங்கினாலும் இந்தக் கணக்கை முதல் நாளே பேசிவிடுங்கள். ‘குடியிருப்பவர்கள் எல்லோரும் சேர்ந்து பார்த்துக்கொள்வோம்’ என்ற வாக்கை நம்பித் தோட்டம் போட்டால், முதல் பள்ளி விடுமுறைக்கே செடி காய்ந்துவிடும்.

பங்கு விஷயத்தில் நாங்கள் பல விதமாகச் செய்து பார்த்தோம். ஆளுக்கொரு பாத்தி கொடுத்தோம், பாதிப் பேர் மறந்தே போனார்கள், அந்தப் பாத்தி வெள்ளை ஈ வளர்க்கும் இடமாகி மற்றவர்களின் வெண்டையிலும் மஞ்சள் தேமல் வந்தது. இலவசமாக வைத்தோம், முதலில் இறங்கி வருபவர் பை நிறைய எடுத்துக்கொண்டார். இப்போது பாத்தி எல்லாம் பொது. சனிக்கிழமை காலை மட்டும் பறிப்பு. முதல் பங்கு தோட்டக்கார அண்ணனுக்கு, அடுத்தது அந்த வாரம் வேலை செய்தவர்களுக்கு, அப்புறம் செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங் அக்காக்கள். மிச்சம் கடை விலையில் பாதிக்கு வாசலில் விற்பனை, அந்தப் பணம் விதைக்கும் வேப்பம் புண்ணாக்குக்கும். சொந்தக்காரரா வாடகைக்காரரா என்று யாரும் கேட்பதில்லை. இந்த விதிகளை ஒரு பக்கத்தில் எழுதி லிஃப்டில் ஒட்டிய பிறகு சண்டை ஏறக்குறைய நின்றுவிட்டது. கொசுப் புகாருக்கும் பதில் சொன்னோம்: தேங்கும் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று குழந்தைகளை விட்டுத் தேடச் சொன்னதில், தோட்டத்தில் ஒன்றுமில்லை, பால்கனிப் பூந்தொட்டித் தட்டுகளில்தான் புழு கிடந்தது.

எல்லாம் சீராகி வந்த நேரத்தில் 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல். இரண்டு நாள் மழையில் வளாகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர், அதில் கழிவுநீரும் கலந்து நின்றது. வடிந்த பிறகு பார்த்தால் அவரைப் பந்தல் சரிந்து, கத்தரி எல்லாம் அழுகி, மூடாக்கு மிதந்து போய் வாசல் கிராதியில் அடைத்திருந்தது. கீரை மட்டும் பச்சையாக நின்றது. அதைப் பறிக்கலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். சாக்கடைத் தண்ணீர் நின்ற பாத்தியில் இருப்பது எதையும் சாப்பிடக் கூடாது, கழுவினாலும் கூடாது. எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தோம். 23,000 ரூபாய் நஷ்டம். மூன்று மாதம் சாப்பிடுகிற பயிர் எதுவும் போடாமல், திரும்பவும் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கினோம். பிறகு பாத்திகளை முக்கால் அடி உயர்த்தி, நடுநடுவே வாய்க்கால் எடுத்து மழைநீர்க் கிணற்றில் சேர்த்தோம்.

அதிலிருந்து விதைக்கும் பட்டத்தையும் மாற்றிக்கொண்டோம். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். சென்னையில் தாழ்வான இடத்தில் ஆடியில் நட்ட கத்தரியும் மிளகாயும் நன்றாகக் காய்க்கும் சமயத்தில் வடகிழக்குப் பருவமழை வந்து நிற்கும். அதனால் ஆடியில் வெண்டை, கொத்தவரை, தட்டைப்பயறு என்று சீக்கிரம் முடிகிற பயிர் மட்டும் போட்டு, அக்டோபர் பாதிக்குள் பறித்து முடித்துவிடுகிறோம். மழைக்காலத்தில் பந்தல் கொடிகளும் பையில் இருக்கும் கீரையும் போதும். கத்தரி, தக்காளி, மிளகாய்க்கெல்லாம் தைப்பட்டம்தான் எங்களுக்குக் கை கொடுக்கிறது. நாற்றை மார்கழியிலேயே குழித்தட்டில் விட்டுவிடுவோம். பாத்தியின் அகலம் நாலு அடிக்கு மேல் வேண்டாம், இரண்டு பக்கத்திலிருந்தும் கை எட்ட வேண்டும். வயதானவர்களுக்காக இரண்டு பாத்தியை இடுப்பு உயரத்துக்குக் கட்டினோம், எட்டாவது மாடி மாமி அங்கேதான் மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் வளர்க்கிறார்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் செலவு எவ்வளவு ஆகும் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். எங்கள் 1,85,000-ல் ஓ.எஸ்.ஆர். இடத்தில் போனது, கூரை மேல் கட்டிக் கலைத்தது, கார் பாலீஷ், மக்காத எரு, புயல் எல்லாம் சேர்த்தால் 70,000-க்கு மேல் வரும். வரைபடத்தைப் பார்த்து, குழி வெட்டிப் பார்த்து, தண்ணீரைச் சோதித்துவிட்டு இறங்கினால் இதே இடத்தை ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழித்து எடுத்துவிடலாம். மொத்தப் புல்லையும் ஒரேயடியாக எடுக்காமல், முதல் வருஷம் 300 சதுர அடியில் கீரையும் வெண்டையும் மட்டும் போடுங்கள். முளைக்கீரை இருபத்தைந்து நாளில் கைக்கு வரும். அது நாலு வீட்டுச் சமையலுக்குப் போன பிறகு பொதுக்குழுவில் பேசுங்கள். எங்கள் கூட்டத்தில் தோட்டத்துக்கு எதிராகக் கடைசி வரை ஓட்டுப் போட்டவர், காரில் கறை பட்ட அதே சார். இந்த வருஷம் மொட்டைமாடித் தொட்டிக்கு ஃபில்டர் வாங்க 3,000 ரூபாய் கொடுத்தது அவர்தான்.